வலிப்பு பற்றி ஊருக்குச் சொல்லித்தருவது எப்படி: சிறுவர் முதல் முதியோர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியிலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ வலிப்பு நோய் பற்றிப் பேசப் போகிற தன்னார்வலர்கள், ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் பலர் மூளையின் படத்தை மாட்டி, நோயின் வகைகளை விளக்கத் தொடங்குகிறார்கள். முதலுதவிக்கு வரும்போது பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். அதனால் இங்கே வரிசை வேறு மாதிரி இருக்கிறது: முதலில் முதலுதவிச் செய்முறை, அப்புறம் விளக்கம், அதன்பின் அந்தந்த வயதுக்கான பேச்சு.

ஊருக்குள் நீங்கள் சொல்லாமல் விடக் கூடாத விஷயங்கள் மூன்று. வலிப்பு வந்தவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு உள்ளவரைப் பள்ளியிலிருந்தோ வேலையிலிருந்தோ கல்யாணத்திலிருந்தோ ஒதுக்க வேண்டியதில்லை. நேரம் குறைந்தால் மற்றதை விடுங்கள், இந்த மூன்றை விடாதீர்கள்.

1. கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். வலிப்பு மாத்திரைகளில் எவை அங்கேயே கிடைக்கின்றன, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நரம்பியல் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை நடக்கிறது, போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு அம்மா ஓரமாக வந்து, "எம் பொண்ணுக்கு இப்படி வருதுங்க, எங்க காட்டுறது?" என்று கேட்பார். அந்த நிமிடத்தில் இடமும் கிழமையும் சொல்லத் தெரியவில்லை என்றால் அதுவரை பேசியதெல்லாம் வீண்.

ஒரு மருத்துவரையோ செவிலியரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை அளவு பற்றிய கேள்விகளை அவர்களிடம் விட்டுவிடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள், நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

எடுத்துப் போக வேண்டிய பொருள்கள் அதிகமில்லை: ஒரு பாய், மடித்து வைக்க ஒரு துண்டு, விநாடி காட்டும் கடிகாரம், கேள்வி எழுதிப் போடத் துண்டுச் சீட்டுகள், ஒரு மூடிய பெட்டி.

2. வயதுவாரியாகப் பிரித்து உட்கார வையுங்கள்

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் தன் மாத்திரை பற்றி வாய் திறக்க மாட்டார். அப்பா இருக்கும் இடத்தில் பதினாறு வயதுப் பையன் குடி பற்றிக் கேட்க மாட்டான். முடிந்தால் சிறுவர், பதின்ம வயதினர், பெற்றோரும் ஆசிரியர்களும், இளம்பெண்கள், முதியோர் என்று தனித்தனியாகப் பேசுங்கள். முடியாத ஊரில் முதலுதவியை எல்லோருக்கும் சேர்த்துச் செய்துகாட்டிவிட்டு, மற்றதைத் தனித்தனிக் குழுவாகப் பேசலாம்.

"இங்கே யாருக்கு வலிப்பு இருக்கிறது, கை தூக்குங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஊருக்குத் தெரிந்த நோயாளியை மேடைக்கு அழைக்காதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளையை அழைக்காதீர்கள். அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து வகுப்பில் வருடக்கணக்கில் பேசுவார்கள். வயது வந்த ஒருவர் தானே முன்வந்து பேச விரும்பினால் பேசட்டும். என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், புகைப்படம் எடுக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் என்ன சொல்கிறார்களோ அதே வார்த்தையில் தொடங்குங்கள். ஃபிட்ஸ், காக்காய் வலிப்பு, வெட்டு என எதுவாக இருந்தாலும் சரி. திருத்திக்கொண்டு நின்றால் கூட்டம் விலகிவிடும்.

3. முதலுதவியைச் செய்துகாட்டுங்கள்

கூட்டத்தின் பெரும்பகுதி நேரத்தை இதற்குத் தரலாம். பாயை விரித்து ஒரு தன்னார்வலரைப் படுக்க வையுங்கள். அவர் கை காலை உதறி நடிக்க வேண்டாம், சும்மா படுத்திருந்தால் போதும். நடித்துக்காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுநாள் அதே நடிப்பை வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் முன் செய்து கேலி பண்ணுவார்கள்.

வரிசை இது.

ஒன்று, கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். உண்மையான நேரம் தெரிந்தால்தான் ஆம்புலன்ஸ் தேவையா என்று முடிவுசெய்ய முடியும், மருத்துவருக்கும் அது உதவும்.

இரண்டு, சுற்றியுள்ள ஆபத்தை விலக்குங்கள். கல், அடுப்பு, கண்ணாடித் தம்ளர், மேசை முனை இவற்றைத் தள்ளி வையுங்கள். சாலை, தண்ணீர், நெருப்பு பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆளை நகர்த்துங்கள். வேடிக்கை பார்ப்பவர்களையும் விலகச் சொல்லுங்கள்.

மூன்று, தலைக்கடியில் மடித்த துண்டை வையுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். பிடிப்பதால் வலிப்பு நிற்காது, தசை கிழியவும் எலும்பு நழுவவும் வாய்ப்புண்டு.

நான்கு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உதறல் பலமாக இருக்கும்போது முடியாவிட்டால், குறைந்த உடனே செய்யுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகாது.

ஐந்து, முழு நினைவு வரும்வரை கூடவே இருங்கள். கண் திறந்ததும் அவருக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. சில சமயம் உடையில் சிறுநீர் போயிருக்கும். ஒரு துணியால் மூடிவிட்டு, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். தெளிவாகப் பேசும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.

இதைச் சொல்லி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஆட்களை அழைத்து அவர்களையே செய்யச் சொல்லுங்கள். "புரிஞ்சுது" என்று தலையாட்டுபவர்களில் பலர் பாயின் பக்கம் வந்ததும் முதலில் கையைப் பிடித்து அமுக்குவார்கள். அங்கேயே திருத்திவிடலாம்.

வாயில் கரண்டி, விரல், துணி வைக்கும் பழக்கத்தைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். நாக்கு உள்ளே போய்விடும் என்ற பயத்தில்தான் அதைச் செய்கிறார்கள். நாக்கை விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபடலாம், அந்தப் புண் ஆறிவிடும். கரண்டி வைத்தால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் சிக்கும், வைத்தவர் விரலும் போகும்.

அப்புறம் இரும்பு. "சாவிக்கொத்தைக் கொடுத்ததும் நின்னுச்சே, நானே பார்த்தேன்" என்று யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி ஓடிக் கொண்டுவந்து கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை சாவிக்குப் பதில் கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெங்காயம், செருப்பு மோந்து பார்க்க வைப்பதற்கும் இதே பதில்தான்.

108ஐ எப்போது அழைப்பது என்பதைச் சுவரில் எழுதிப்போடுங்கள்: ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனால், நினைவு திரும்பும் முன் அடுத்த வலிப்பு வந்தால், வாழ்க்கையில் முதல் முறை வந்தால், தண்ணீருக்குள் வந்தால், கர்ப்பிணிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ வந்தால், தலையில் அடிபட்டால், நின்ற பிறகும் மூச்சு சரியாக வராவிட்டால். தெரிந்த நோயாளிக்கு வழக்கம்போல் வந்து இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் தேவைப்படாது. சிலருக்கு வீட்டில் வைத்துக்கொள்ள, வலிப்பை நிறுத்தும் மிடாசோலாம் என்ற மூக்கு ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதித் தந்திருப்பார். அதை எந்த நிமிடத்தில் அடிக்க வேண்டும் என்று வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

4. இப்போது விளக்கம், சுருக்கமாக

மூளையின் நரம்பணுக்கள் சிறு மின்குறிப்புகளால் பேசிக்கொள்கின்றன. திடீரென்று ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி இயங்குவதுதான் வலிப்பு. இப்படி வெளிக்காரணம் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் தன்மை இருந்தால் வலிப்பு நோய் என்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அது சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணை அழுத்திச் சொல்லுங்கள். தீராத வியாதி என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும் இடம் இதுதான்.

காரணங்களில் பிரசவத்தின்போது குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறைவது, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, மரபு ஆகியவை உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும். இது பன்றிக்கறி சாப்பிடுபவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைக்கிறார்கள். முட்டை பரவுவது புழு உள்ளவரின் மலத்திலிருந்து. கழுவாத கை, கழுவாத கீரை, பச்சைக் காய்கறி வழியாக சைவர்களுக்கும் வரும். கழிப்பறையும் கைகழுவுவதும் வலிப்புத் தடுப்பில் அடங்கும் என்று இந்த இடத்தில் சொன்னால் காதில் விழும்.

வலிப்பு ஒட்டிக்கொள்ளாது. நுரையைத் தொட்டாலும் எச்சில் பட்டாலும் வராது. இதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். பலர் அந்தப் பயத்தில்தான் உதவிக்கு வராமல் தள்ளி நிற்கிறார்கள்.

5. சிறுவர்களுக்கு: ஒரு விளையாட்டு, மூன்று வேலை

ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் மின்குறிப்பு என்று பேசினால் போய்ச் சேராது. பக்கத்துப் பிள்ளை காதில் ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லி, வரிசையாகக் கடத்தச் சொல்லுங்கள். நடுவில் "எல்லோரும் கை தட்டுங்க" என்று சொல்லுங்கள். சொல் பாதியில் நின்றுவிடும். தட்டுவது நின்றதும் மறுபடி தொடங்கலாம். மூளைக்குள்ளும் கொஞ்ச நேரம் இப்படித்தான் ஆகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்று முடித்துவிடுங்கள்.

அவர்களுக்கு மூன்று வேலை மட்டும் கொடுங்கள்: ஓடிப்போய்ப் பெரியவரைக் கூப்பிடுவது, பையையும் பென்சிலையும் விலக்கி வைப்பது, நண்பன் எழுந்ததும் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்காருவது. ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது பெரியவர் வேலை.

நோய் உள்ள பிள்ளை விளையாடக் கூடாது என்று மற்ற பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஃபீல்டிங்குக்குப் பேர்போன தென்னாப்பிரிக்க வீரர் ஜான்டி ரோட்ஸுக்கு வலிப்பு நோய் உண்டு, அவரே அதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதைச் சொன்னதும் பையன்கள் கேட்கும் கேள்விகள் மாறிவிடும்.

6. பதின்ம வயதினருக்கு: தூக்கம், கிணறு, நண்பர்கள்

இவர்களிடம் தடைப்பட்டியல் வாசித்தால் கேட்க மாட்டார்கள். காரணத்தோடு பேசுங்கள். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. பரீட்சைக்கு இரவு முழுக்க விழித்துப் படிப்பதும் நள்ளிரவுவரை போன் பார்ப்பதும் அதில் சேரும். மாத்திரையைத் தவறவிடுவது, காய்ச்சல், குடி, அதிக மன அழுத்தம் மற்றவை. மின்னும் விளக்கு சிலருக்கு மட்டுமே தூண்டும். அதற்காக எல்லோரையும் டிவி பார்க்க வேண்டாம் என்று தடுக்கத் தேவையில்லை.

காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து, தம்ளரோ பிரஷ்ஷோ தெறித்து விழும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் கவனக்குறைவு என்று திட்டுவார்கள். இந்த வயதில் தொடங்கும் ஒரு வலிப்பு வகைக்கு அது அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் இதைச் சொன்னால்தான் தெரியும், அவராகக் கண்டுபிடிக்க முடியாது.

கிணற்றிலும் குளத்திலும் தனியாக இறங்கக் கூடாது. நோய் உள்ளவருக்கு நீச்சலே வேண்டாமா என்று கேட்பார்கள். வலிப்பு கட்டுப்பட்டிருந்து, மருத்துவர் சம்மதித்து, நன்றாக நீந்தத் தெரிந்த, நிலைமை தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பரவாயில்லை. தண்ணீரில் வலிப்பு வந்தால் உதறல் நிற்கும்வரை தலையை மேலே தூக்கிப் பிடித்திருந்து, பின் கரைக்குக் கொண்டுவந்து மூச்சைப் பாருங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நுரையீரலில் நீர் போயிருக்கலாம்.

நோய் உள்ள மாணவர் குறைந்தது இரண்டு நண்பர்களிடமாவது சொல்லி வைப்பது நல்லது. எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது, அதனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிடுங்கள்: "எனக்கு எப்பவாவது ஃபிட்ஸ் வரும், ரெண்டு நிமிஷத்துல நின்னுடும், சாய்ச்சுப் படுக்கவெச்சுட்டுக் கூட இரு, வாயில எதுவும் வைக்காத."

7. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்: கண்ணுக்குத் தெரியாத வலிப்பு

கீழே விழுந்து உதறுவது மட்டுமே வலிப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாடம் நடக்கும்போது சில விநாடி உறைந்து வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளை இருக்கிறது. ஒரு நாளில் பலமுறை இப்படி வரலாம். "கனவு காண்கிறான்" என்று அடி வாங்குவான். பெயர் சொல்லியும் தோளைத் தொட்டும் அந்த நொடியில் கவனம் திரும்பாவிட்டால் பெற்றோரிடம் சொல்லுங்கள். உதட்டைச் சப்புவது, சட்டையைக் காரணமின்றித் தடவுவது, கேட்டதற்குப் பதில் வராமல் போவது இன்னொரு வகை.

சந்தேகம் வந்தால் கைபேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் அறையில் வலிப்பு வருவது அபூர்வம், உங்கள் வீடியோவை வைத்துத்தான் அவர் வகையைப் பிரிக்கிறார். எடுத்ததை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். மூளையின் மின்குறிப்புகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை இயல்பாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லுங்கள். அந்தத் தாளை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்குக் காய்ச்சலில் வருவதை ஜன்னி என்பார்கள். அது வலிப்பு நோய் அல்ல, பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நின்றுவிடும். ஆனாலும் முதல் முறை வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாக வேண்டும். மூளைக்காய்ச்சலும் அப்படித் தொடங்கலாம்.

பள்ளியில் வலிப்பு வந்த பிள்ளையைத் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. கொஞ்ச நேரம் படுக்க வைத்துவிட்டு, களைப்பு தீர்ந்தால் வகுப்பில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு முறையும் அனுப்பினால் படிப்பு போகும், பிறகு பள்ளியும் போய்விடும்.

8. இளம்பெண்களுக்கு: கல்யாணம், கர்ப்பம்

இது தனி அறையில், பெண் தன்னார்வலர் நடத்த வேண்டிய பகுதி.

வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாது என்று இன்னும் சொல்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு முன்பு இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வலிப்பு என்ற சொல்லை அவற்றிலிருந்து நீக்கிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தச் செய்தி ஊருக்குள் போகவில்லை.

நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைப்பது பெண்ணுக்குத்தான் ஆபத்து. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிட முடியாமல், முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார். கல்யாண வேலையில் தூக்கமும் கெட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வலிப்பைக் கொண்டுவரும். நிச்சயத்துக்கு முன் இரு வீட்டாரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பேசுவது நல்ல வழி.

கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சோடியம் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. மாற்றுவதானால் மருத்துவர் நிதானமாக மாற்றவும் ஃபோலிக் அமிலம் தொடங்கவும் நேரம் வேண்டும். இதைக் கேட்டதும் பயந்துபோய் அன்றிரவே நிறுத்திவிடுவார்கள், இந்தத் தலைப்பில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை அங்கேதான். எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது, கர்ப்பத்தில் வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்பதை அதே மூச்சில் சொல்லுங்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள், பொதுவாகத் தாய்ப்பாலும் கொடுக்கலாம். சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

9. வேலைக்குப் போகிறவர்களுக்கு

வண்டி ஓட்டுவது பற்றி நேராகப் பேசுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்கிறார்கள். மறைத்து எழுதிவிட்டு ஓட்டுவது அவருக்கும் எதிரே வருபவருக்கும் உயிர் ஆபத்து. பனை, தென்னை ஏறுவது, சாரத்தில் நிற்பது, அறுவை இயந்திரம் ஆகியவையும் வலிப்பு கட்டுக்குள் வராதவரை வேண்டாம். மற்ற பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம். இந்த வரியைச் சொல்ல மறந்தால் முதலாளிகள் ஒட்டுமொத்தமாக வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் நெருப்பும் தண்ணீரும். விறகடுப்பில் தனியாகச் சமைக்கும்போது தீக்காயம் படுகிறது. கேஸ் அடுப்பானால் சுவர்ப்பக்க பர்னரில் சமைப்பதும், கொதிக்கும் சட்டியைத் தூக்கி நடக்காமல் தட்டை அடுப்பருகே கொண்டுபோவதும் உதவும். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் சாத்திக்கொள்ளுங்கள். வாளியில் மொண்டு குளிப்பது தொட்டியில் இறங்குவதைவிடப் பாதுகாப்பு.

10. முதியோருக்கு

அறுபதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கும் வலிப்புக்குப் பக்கவாதம் ஒரு முக்கியக் காரணம். முதியோருக்கு உதறல் இல்லாமலே வரலாம்: கொஞ்ச நேரம் குழப்பம், பேச்சு நின்றுபோவது, நடந்தது நினைவில்லாமல் போவது. "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் காட்டுங்கள். முகம் கோணி, ஒரு பக்கக் கை தொய்ந்துபோனால் காத்திருக்காமல் 108.

ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்று ஏற்கெனவே பல மாத்திரைகள் சாப்பிடுவார்கள். அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள், ஒன்றோடொன்று மோதும் மருந்துகள் உண்டு.

11. மாத்திரை: நின்றுபோகும் இடங்களைத் தேடிப் பேசுங்கள்

"ஒழுங்காகச் சாப்பிடுங்கள்" என்பது பயன்படாத அறிவுரை. எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள்.

ஆறு மாதம் வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் வரவில்லை. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் வராமல் இருந்தால்தான் மருத்துவர் குறைப்பது பற்றி யோசிப்பார், அதையும் படிப்படியாகத்தான் குறைப்பார். திடீரென நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

மாத்திரை தீர்ந்துபோய் அடுத்த புறநோயாளி நாள்வரை காத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கானது மிச்சம் இருக்கும்போதே வாங்கப் போக வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விரதமும் நோன்பும் இன்னொன்று. சஷ்டியானாலும் ரமலானானாலும் முன்பே மருத்துவரைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா, விரதத்தை விடவேண்டுமா என்று தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பக்கவிளைவும் உண்டு. தூக்கக் கலக்கம், ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தால் ஈறு தடித்துப்போவது, தள்ளாட்டம் இவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். புது மருந்து தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே போய்க் காட்ட வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். தானாக இரட்டை அளவு போடக் கூடாது.

12. கோயில், மந்திரிப்பு பற்றிக் கேட்டால்

கேட்பார்கள். அங்கே விவாதத்தில் இறங்காதீர்கள். சாமியைக் குறை சொன்னால் அந்தக் குடும்பம் உங்களிடம் திரும்ப வராது. "கோயிலுக்குப் போங்க, திருநீறு பூசுங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்பது வேலை செய்கிறது. எதை ஏற்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்: சூடு போடுவது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, புகை மூட்டுவது. பூசாரியையே கூட்டத்துக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்துப் பாருங்கள். முதலுதவியை அவர் செய்யக் கற்றுக்கொண்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

13. கூட்டம் முடிந்த பின்

கேள்விப் பெட்டியைத் திறந்து பெயரில்லாமல் வாசித்துப் பதில் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்காக அரை மணி நேரம் ஓரமாகக் காத்திருங்கள். முக்கியமான ஆட்கள் அப்போதுதான் வருவார்கள்.

சில வாரம் கழித்து மறுபடி போங்கள். கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம், பாயை விரித்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள் போனார்களா, மாத்திரை தொடர்கிறதா என்று அவர்கள் வீட்டில், பிறர் காதில் விழாமல் கேளுங்கள். நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நிமிடம், அதற்கு முன் தூக்கமோ மாத்திரையோ தவறியதா என்று குறித்துவரப் பழக்குங்கள்.

சரியான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு தொடர்ந்தால், அதே மாத்திரையோடு வருடக்கணக்கில் ஓட்டாமல் வலிப்புக்கான சிறப்பு மையத்துக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையிலும் வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது, பரிசோதித்துத்தான் சொல்வார்கள். போகும்போது அந்த நோட்டு, கைபேசி வீடியோ, பழைய எம்.ஆர்.ஐ. படங்கள், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நேரில் பார்த்த ஒருவரும் கூடப் போக வேண்டும், ஏனென்றால் வலிப்பின்போது என்ன நடந்தது என்று நோயாளியால் சொல்ல முடியாது.